மகளின் முன்பல்லும் காப்புறுதிக் காசும்

போன மாசியில் மகள் ரியூசன் முடிந்து பலாலி வீதியால் சைக்கிளில் வரும்போது, திடீரெனத் திறந்த வான் கதவில் அடிபட்டு விழுந்தாள். மேல் முன்பல் ஒன்று வேரோடு கழன்றுவிட்டது, பக்கத்துப் பல் பாதியில் உடைந்தது, உதட்டுக்கு மேலே தோல் கிழிந்து தொங்கியது. அங்கே கடை வைத்திருக்கும் ஐயா ஒருவர்தான் பல்லைத் தேடி எடுத்தார். வேரில் கை படாமல் பிடித்து, ஒரு கப் பாலுக்குள் போட்டுத் தந்தார். "உரஞ்சிக் கழுவாதேங்கோ பிள்ளை, பாலோடையே கொண்டு ஓடுங்கோ" என்றார். அவருக்கு நான் என்றைக்கும் கடமைப்பட்டவள். ஒரு மணித்தியாலத்துக்குள் பெரியாஸ்பத்திரியில் பல்லைத் திரும்ப வைத்து, மெல்லிய கம்பியால் பக்கத்துப் பற்களோடு இணைத்துவிட்டார்கள். உதட்டுக்குத் தையல் போட்டார்கள். ஒரு சதமும் செலவில்லை.

செலவு பிறகுதான் வந்தது. கழன்ற பல்லுக்கு வேர்ச் சிகிச்சை, உடைந்த பல்லுக்குக் கிரவுண், அதாவது பல்லின் மேல் போடும் உறை. இரண்டையும் தனியார் பல் வைத்தியரிடம் செய்வித்தோம். இவரின் வேலைத்தலத்துக் காப்புறுதியில் குடும்பமும் அடக்கம் என்ற தைரியத்தில் பற்றுச்சீட்டுகளை இணைத்து அனுப்பினேன். மூன்று கிழமையில் பதில் வந்தது: அழகுக்கான சிகிச்சை, பணம் தர இயலாது.

ஒரு மாதம் கஞ்சியும் பிசைந்த சோறுமாகச் சாப்பிட்ட பிள்ளை. அந்த வரியை வாசித்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

அன்றிரவு தம்பியை இருத்திவைத்து ஒப்பந்தத்தை வரி வரியாக வாசித்தோம். பல் சிகிச்சைக்கும் அழகுச் சத்திரசிகிச்சைக்கும் பணம் இல்லை என்றுதான் இருந்தது. ஆனால் இரண்டின் கீழேயும் 'விபத்தினால் அவசியமானால் தவிர' என்று ஒரு வால் இருந்தது. வெளிநோயாளர் செலவுக்கும் ஒரு தொகை ஒதுக்கியிருந்தார்கள். வார்டில் தங்கினால் மட்டும் காசு தரும் ஒப்பந்தங்களும் உண்டு. எங்களுடையது அப்படி இல்லாதது அதிர்ஷ்டம்.

அப்படியென்றால் எங்கே பிழைத்தது? பற்றுச்சீட்டில். 'முன்பல் தோற்றச் சீரமைப்பு' என்று மட்டும் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. விபத்து என்ற சொல்லே இல்லை. காப்புறுதிக் கந்தோருக்கு எடுத்துக் கேட்டபோது, அங்கிருந்த தங்கச்சி பொறுமையாகச் சொன்னா: "அம்மா, என்ன செய்தது எண்டதை விட, ஏன் செய்தது எண்டதைத்தான் நாங்கள் பாக்கிறம்."

பல் வைத்தியர் உடனே புதுக் கடிதம் தந்தார். விபத்து நடந்த திகதி, 11ஆம் 21ஆம் இலக்கப் பற்கள் (மேல் நடு முன்பற்கள் இரண்டும்), முன்பு சூத்தையோ அடைப்போ இல்லாத சொந்தப் பற்கள் என்பது, கடிப்பதற்கு இந்தச் சிகிச்சை அவசியம் என்பது எல்லாவற்றையும் எழுதினார். அதோடு எக்ஸ்ரே, ஆஸ்பத்திரித் துண்டு, பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, தையலோடு எடுத்த படம். எல்லாவற்றையும் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, மறுபரிசீலனை கேட்டுப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். அதுவும் சரிவராவிட்டால் காப்புறுதி முறைப்பாடுகளை விசாரிக்கும் காப்புறுதி ஒம்புட்ஸ்மனுக்கு எழுதுவதென்று தீர்மானித்திருந்தேன். அவரிடம் முறையிடக் கட்டணம் இல்லை, ஆனால் முதலில் கொம்பனியிடமே முறையிட்டிருக்க வேண்டும்.

அந்த அளவுக்குப் போகவில்லை. வேர்ச் சிகிச்சைக்கும் கிரவுணுக்கும் காசு வந்தது. கிரவுணின் நிறத்துக்குப் பொருந்த மற்றப் பற்களை வெளுப்பித்த செலவு மட்டும் வரவில்லை. அது நியாயம், அந்தப் பற்களுக்கு விபத்தில் ஒன்றும் நடக்கவில்லை. சத்திரசிகிச்சையிலும் பெரும்பாலும் இதே கணக்குத்தான். இமை தொங்கிப் பார்வையை மறைத்தால், தீக்காயத்தில் தோல் இறுகிக் கை மடங்காவிட்டால், அதை வைத்தியர் அளந்து எழுதித் தந்தால் கேட்க இடம் உண்டு. வயதுச் சுருக்கத்தை எடுப்பதற்கு இல்லை.

உதட்டின் மேலே தழும்பு இன்னும் தடித்துத்தான் இருக்கிறது, சிரிக்கும்போது இழுக்கிறது. தழும்பு முற்றும்வரை ஒரு வருசம் பொறுத்துப் பார்ப்போம் என்று சத்திரசிகிச்சை நிபுணர் சொல்லியிருக்கிறார். மாதத்துக்கு ஒரு படம் எடுத்து, பின்புறம் திகதி எழுதி, அதே பைலுக்குள் வைத்துக்கொண்டு வருகிறேன்.