ஆவரேஜ் ஏறிடுச்சு, சரி. யாரு என்ன கத்துக்கிட்டாங்க?

0.45 பெருசா, 0.6 பெருசா?

இந்த ஒரே ஒரு கேள்வி என்னோட ரெண்டு வாரத்த முழுங்கிடுச்சு. புதுசா வந்த கணக்கு பாடத்திட்டத்த ஒரு வருஷம் நடத்தி முடிச்சிட்டாங்க, ஆரம்பத்துல ஒரு டெஸ்ட், கடைசில அதே அளவு கஷ்டத்துல இன்னொரு டெஸ்ட், ரெண்டு மார்க்கையும் கையில கொடுத்து "பசங்களுக்கு இதனால பலன் இருக்கான்னு பாத்து சொல்லுங்க"ன்னாங்க. எக்செல்ல போட்டு ஆவரேஜ் எடுத்தேன். நல்லாவே ஏறியிருந்துச்சு. அன்னைக்கே ஒரு பார் சார்ட் போட்டு அனுப்பியிருந்தா எல்லாருக்கும் சந்தோஷம். ஆனா முன்தேர்வு எழுதினவங்க எண்ணிக்கையும் பின்தேர்வு எழுதினவங்க எண்ணிக்கையும் ஒத்துப்போகல, அது உறுத்திக்கிட்டே இருந்துச்சு.

ரோல் நம்பர் ஒண்ணொண்ணா தேடி, பின்தேர்வுக்கு வராதவங்க யாருன்னு பாத்தேன். முக்கால்வாசி பேர் முன்தேர்வுல ரொம்ப கம்மியா வாங்கின பசங்க. இது என்ன பண்ணும்னு ஒரு சின்ன கணக்கு போட்டாலே புரியும். அஞ்சு பேர், மார்க் 20, 30, 50, 60, 70, ஆவரேஜ் 46. அந்த 20 வாங்கின புள்ள அடுத்த டெஸ்ட்டுக்கு வரலைன்னு வைங்க, மீதி நாலு பேரும் ஒரு மார்க் கூட ஏறலைன்னாலும் ஆவரேஜ் 52.5. ஒருத்தரும் எதுவும் கத்துக்கல, ஆனா ஆறரை மார்க் முன்னேற்றம்! அதனால ரெண்டு டெஸ்ட்டும் எழுதினவங்கள மட்டும் வச்சு திரும்ப போட்டேன், ஏற்றம் குறைஞ்சுது, ஆனா காணாம போகல. வராத பசங்கள பத்தி தனியா ஒரு பக்கம் எழுதி ரிப்போர்ட்ல முதல் பக்கமாவே வச்சேன், ஏன்னா பாடத்திட்டம் யாருக்காக மாத்தினாங்களோ அந்த புள்ளைங்க தான் அந்த லிஸ்ட்ல இருக்காங்க.

இப்ப 0.45க்கு வரேன். மொத்த மார்க்க தள்ளி வச்சுட்டு, எந்தப் புள்ள எந்தக் கேள்விக்கு எந்த ஆப்ஷன் போட்டுச்சுன்னு விடைத்தாள்லேர்ந்தே திரும்ப என்ட்ரி பண்ணேன். முதுகு ஒடியற வேலை, ஆனா இத பண்ணாம பாடத்திட்டத்த பத்தி பேசவே கூடாதுன்னு இப்ப உறுதியா நம்புறேன். தசம எண்ல பசங்க தப்பு பண்றது ஏனோதானோன்னு இல்ல, அதுக்கு பின்னாடி ஒரு லாஜிக் இருக்கும். 45ங்கிறது 6ஐ விட பெருசு, அதனால 0.45 தான் பெருசுன்னு நினைக்கிற புள்ள ஒரு வகை. இன்னொரு வகை இருக்கு, புள்ளிக்கு அப்புறம் இலக்கம் நீள நீள எண் சின்னதாகும்னு நினைக்கிறது, நூத்துல ஒரு பங்குங்கிறது பத்துல ஒரு பங்க விட சின்னது இல்லையா, அத அரைகுறையா புடிச்சுக்கிட்டு வர்ற தப்பு. இந்த ரெண்டாவது வகை புள்ள 0.6 தான் பெருசுன்னு சரியா போட்டுரும்! காரணம் தப்பு, விடை சரி, மார்க்கும் வந்துரும்.

நல்லவேளையா டெஸ்ட்ல பக்கத்துலயே இன்னொரு கேள்வி இருந்துச்சு, 0.3 பெருசா 0.47 பெருசான்னு. முதல் வகை புள்ளைக்கு இது சரியா வரும், முந்தினது தப்பாகும். ரெண்டாவது வகைக்கு அப்படியே உல்டா. ரெண்டு பேருக்கும் ரெண்டுக்கு ஒரு மார்க். என்னோட ஷீட்ல ஒரு சில பசங்க வருஷ ஆரம்பத்துல முதல் வகையா இருந்து கடைசில ரெண்டாவது வகையா மாறியிருந்தாங்க. மார்க் அதே 1 தான், ஆனா அந்தப் புள்ள மண்டைக்குள்ள ஒரு தப்பு போய் இன்னொரு தப்பு வந்து உக்காந்திருக்கு, மொத்த மார்க்க மட்டும் பாத்தா இது ஜென்மத்துக்கும் தெரியாது. அதனால ரெண்டையும் சேத்து சரியா போட்டவங்களுக்கு மட்டும் புரிஞ்சிருக்குன்னு கணக்கு வச்சேன், அந்த எண்ணிக்கை ரொம்ப அசையவே இல்ல. ஆவரேஜ் ஏறினதெல்லாம் கூட்டல் கழித்தல், மேல கீழ எழுதி போடுற கணக்குலேர்ந்து வந்தது. பாடத்திட்டமோ "கருத்தைப் புரிந்துகொள்ளுதல்"னு தான் முதல் நோக்கமா போட்டிருக்கு.

இன்னொரு விஷயம் ரொம்ப பேர் கவனிக்கறதில்ல. முன்தேர்வுல கம்மியா வாங்கின பசங்கள மட்டும் பொறுக்கி எடுத்து, "பாருங்க இவங்க தான் ரொம்ப முன்னேறியிருக்காங்க"ன்னு காட்டுவாங்க. 1886ல இங்கிலாந்து ஆய்வாளர் ஃபிரான்சிஸ் கால்ட்டன் அப்பா அம்மா உயரத்தையும் பிள்ளைங்க உயரத்தையும் ஒப்பிட்டு பாத்தப்போ, ரொம்ப உயரமானவங்க பிள்ளைங்க சராசரி பக்கமா திரும்புறத எழுதினார். மார்க்குக்கும் அதே தான். அன்னைக்கு காய்ச்சலோட வந்து எழுதின புள்ள, கேள்விய அவசரத்துல தப்பா படிச்ச புள்ள, எல்லாம் கடைசி வரிசைல சேந்திருக்கும், அடுத்த டெஸ்ட்ல பாடத்திட்டம் எதுவும் மாறாமலே கொஞ்சம் மேல வரும். அதே அளவு கம்மியா வாங்கி பழைய பாடத்திட்டத்துலயே படிச்ச பசங்க எவ்வளவு ஏறினாங்கன்னு பக்கத்துல வச்சா தான் நியாயம்.

ஒப்பிடறதுன்னு வந்தா 1985ல அமெரிக்கால டென்னசி மாநிலத்துல ஆரம்பிச்ச ஸ்டார் ஆய்வு தான் எனக்கு எப்பவும் ஞாபகம் வரும். 79 பள்ளி, கிட்டத்தட்ட 11,600 பசங்க, நாலு வருஷம். 13லேர்ந்து 17 பேர் இருக்கிற சின்ன வகுப்புக்கு யாரு, 22லேர்ந்து 25 பேர் இருக்கிற வழக்கமான வகுப்புக்கு யாருன்னு குலுக்கல் மாதிரி பிரிச்சாங்க, டீச்சர்களையும் அப்படியே. சின்ன வகுப்பு பசங்க படிக்கறதுலயும் கணக்குலயும் மேல வந்தாங்க, அந்த முடிவ இன்னைக்கும் மதிக்கறதுக்கு காரணம் அந்தக் குலுக்கல் தான். நமக்கு கிடைக்கற டேட்டாவுல பெரும்பாலும் புது பாடத்திட்டம் ஆர்வமுள்ள டீச்சர் கிட்ட தான் முதல்ல போகும், அப்புறம் வர்ற பலன் பாடத்தோடதா டீச்சரோடதான்னு பிரிக்க முடியாது.

அதோட, 480 பசங்க இருக்காங்க, நிறைய டேட்டான்னு நினைக்கக்கூடாது. ஒரே வகுப்புல உக்காந்து ஒரே டீச்சர் கிட்ட படிக்கற பசங்க மார்க் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு தான் இருக்கும். 40 பேர் வீதம் 12 வகுப்பு, அந்த ஒட்டுதல் (0ன்னா ஒட்டுதலே இல்ல, 1ன்னா எல்லாரும் ஒரே மாதிரி) 0.2ன்னு வச்சா, ஒருத்தரோட வகுப்புல மத்தவங்க 39 பேர், 1 + 39 × 0.2 = 8.8. 480ஐ 8.8 ஆல வகுத்தா 55 கூட வராது. சும்மா ஒரு டி டெஸ்ட் (ரெண்டு சராசரிக்கும் உள்ள வித்தியாசம் தற்செயலா வந்ததான்னு பாக்கற கணக்கு) போட்டு வித்தியாசம் உறுதின்னு சொன்னா அது 480 பேரோட தைரியம், கையில இருக்கிறது 55 பேரோட ஆதாரம்.

பலன் எவ்வளவு பெருசுன்னு சொல்ல எல்லாரும் புள்ளியியல்ல பேர் போன ஜேகப் கோஹனோட 0.2, 0.5, 0.8 அளவுகோல எடுப்பாங்க, அதாவது ரெண்டு சராசரிக்கும் உள்ள வித்தியாசத்த மார்க்கோட பரவலால (திட்டவிலக்கத்தால) வகுத்து, 0.2ன்னா சின்னது, 0.5ன்னா நடுத்தரம், 0.8ன்னா பெருசு. கல்விக்கு அது பொருந்தாதுன்னு அமெரிக்க கல்வி ஆய்வாளர் மேத்யூ கிராஃப்ட் 2020ல எழுதினார், பள்ளிக் கல்வி முயற்சிகள்ல மார்க்குல 0.20 வந்தாலே பெருசுன்னு. நான் அவர் பக்கம். 0.15 வந்துச்சுன்னு ஒரு நல்ல பாடத்திட்டத்த குப்பைல போடறது பாவம்.

திறன் பத்தியும் கேட்டிருந்தாங்க. இத மல்டிபிள் சாய்ஸ்ல அளக்க முடியாது, வழிமுறைய எழுதச் சொல்லி ரூப்ரிக் (எதுக்கு எவ்வளவு மார்க்னு வரி வரியா சொல்ற அட்டவணை) வச்சு ரெண்டு டீச்சர் தனித்தனியா திருத்தணும், அவங்க ரெண்டு பேரும் ஒத்துப்போறாங்களான்னு கப்பா போட்டு பாக்கணும் (தற்செயலா ஒத்துப்போறத கழிச்சுட்டு ஒத்துப்போறத அளக்கற எண், அதே ஜேகப் கோஹன் 1960ல கொடுத்தது). முதல் தடவ எங்களுக்கு ஒத்தே வரல. "தெளிவாக விளக்குகிறார்"ங்கிற வரிய ஒரு டீச்சர் கையெழுத்து, வாக்கியம்னு எடுத்துக்கிட்டாங்க, இன்னொருத்தர் காரணம் சொல்லியிருக்கான்னு பாத்தாங்க. வரிய மாத்தி எழுதி திரும்ப திருத்தினோம்.

பசங்க கிட்ட ஃபீட்பேக் வாங்கறது நல்லது தான், ஆனா அத கற்றலுக்கு பதிலா வைக்கக்கூடாது. 2019ல ஹார்வர்ட் இயற்பியல் வகுப்புல பாத்தாங்க, தாங்களே யோசிச்சு செஞ்சு பாத்த மாணவர்கள் டெஸ்ட்ல அதிகமா வாங்கினாங்க, ஆனா கம்மியா கத்துக்கிட்டதா நினைச்சாங்க. லெக்சர் கேட்டவங்களுக்கு எல்லாம் புரிஞ்ச மாதிரி இருந்துச்சு.

கடைசியா டீச்சர்ஸ் மீட்டிங்ல அந்த ரெண்டு தசமக் கேள்விய மட்டும் பெரிய பேப்பர்ல எழுதி ஒட்டி, வகுப்பு வாரியா பசங்க போட்ட விடைய காட்டினேன். கொஞ்ச நேரம் யாரும் பேசல. அப்புறம் ஒரு டீச்சர் சொன்னாங்க, "எண்கோடு பாடம் நாலு பீரியட் சார், போர்ஷன் முடியாதுன்னு நான் ஒரே பீரியட்ல முடிச்சிட்டேன்." இன்னும் மூணு பேர் அதையே சொன்னாங்க. அவங்க மேல எனக்கு கோவமே வரல, கலங்கிப்போய் தான் சொன்னாங்க. இவ்வளவு நாள் நான் அளந்துக்கிட்டு இருந்தது நடத்தாத பாடத்த. உடனே ஷீட்ல புதுசா ஒரு காலம் சேத்தேன், எந்த வகுப்புல எந்தப் பாடம் எத்தன பீரியட்னு. நாலு பீரியடும் நடத்தின வகுப்பு ரெண்டே ரெண்டு தான், அங்க ரெண்டு கேள்வியும் சேத்து சரியா போட்டவங்க மத்த வகுப்ப விட அதிகம். ரெண்டு வகுப்ப வச்சு எதையும் உறுதியா சொல்ல மாட்டேன். இந்த டெர்ம்ல அந்த எண்கோடு பாடத்த எல்லா வகுப்புலயும் முழுசா நடத்தறாங்க, மூணு மாசம் கழிச்சு வேற எண்கள் போட்டு அதே ஜோடிக் கேள்விய கேக்கப் போறேன், போன தடவ வராம போன பசங்க வீட்டுக்கு இப்பவே ஃபோன் பண்ண ஆரம்பிச்சாச்சு.