கோவேறு கழுதை முதுகில் ஏறிய பீரங்கிகள்

இந்தியத் தரைப்படையின் பீரங்கிப் படையினர் செப்டம்பர் 28-ஐ ‘கன்னர்ஸ் டே’ என்று கொண்டாடுவதற்குக் காரணமான பேட்டரி (சில பீரங்கிகளும் அவற்றை இயக்கும் ஆட்களும் கொண்ட படைப்பிரிவு), 1827-இல் அந்த நாளில், கிழக்கிந்தியக் கம்பெனியின் பம்பாய்ப் படையில் தொடங்கப்பட்டது. 5 (பம்பாய்) மலை பேட்டரி என்ற பெயர் அதற்குப் பின்னால் வந்தது. 1857 கிளர்ச்சிக்குப் பிறகு, இந்தியச் சிப்பாய்கள் கையில் பீரங்கி இருக்கவே கூடாது என்று பிரிட்டிஷார் முடிவு செய்து, இந்தியர்களின் பீரங்கிப் பிரிவுகளில் பெரும்பாலானவற்றைக் கலைத்தார்கள். தப்பியவற்றில் முக்கியமானவை மலை பேட்டரிகள். ஆப்கானிஸ்தானை ஒட்டிய மலைப்பாங்கான வடமேற்கு எல்லையில் அவை இல்லாமல் காரியம் ஆகாது.

இந்தப் பேட்டரிகளின் வரலாற்றைப் போர்க்களப் பட்டியலாகத்தான் பலரும் எழுதுகிறார்கள். என்னைக் கேட்டால், கோவேறு கழுதை எவ்வளவு சுமக்கும் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு கழுதை சுமக்க வேண்டுமென்றால் குழல் சுமார் 200 ராத்தலுக்குள், அதாவது 90 கிலோவுக்குள் இருக்க வேண்டும். அந்த எடையில் குழல் குட்டையாகத்தான் இருக்கும். குட்டைக் குழலில் வெடிமருந்தின் வாயு குண்டை முழு வேகத்துக்குத் தள்ளி முடிப்பதற்குள் குண்டு வெளியே போய்விடும். தூரமும் போகாது, குறியும் நிற்காது.

இதற்கு வந்த தீர்வுதான் 1870-களின் கடைசியில் வந்த 2.5 அங்குல (குழலின் உள்விட்டம்) ‘ஸ்க்ரூ கன்’. 400 ராத்தல் குழலை இரண்டாகப் பிரித்து, ஆளுக்குப் பாதியாக இரண்டு கழுதைகள் மேல் ஏற்றினார்கள். வண்டிச்சட்டம், அச்சு, சக்கரங்கள் எல்லாம் சேர்த்து ஒரு பீரங்கிக்கு ஐந்து கழுதைகள். குண்டுப் பெட்டிகளுக்குத் தனிக் கழுதைகள். பீரங்கியை நிறுத்த வேண்டிய இடம் வந்ததும் சட்டத்தில் அச்சையும் சக்கரங்களையும் மாட்டி, குழலின் பின்பாதியையும் முன்பாதியையும் சேர்த்து, நடுவிலுள்ள பெரிய திருகு வளையத்தை இறுக்க வேண்டும்.

கவனம் தேவைப்படுவது அந்த இணைப்பில்தான். குழலுக்குள் குண்டைச் சுழலவைக்கும் வரிப்பள்ளங்கள் இரண்டு பாதியிலும் இம்மி பிசகாமல் ஒரே கோட்டில் சேர வேண்டும். திருகு மரையில் மணலோ சேறோ ஒட்டியிருந்தால் வளையம் பாதியிலேயே பிடித்துக்கொள்ளும். இறுகியது போலத் தோன்றும், இறுகியிருக்காது. அதனால் துடைத்து எண்ணெய் தடவாமல் மாட்டவே கூடாது. தலைக்கு மேலே குண்டு பறக்கும்போதும் இந்த ஒழுங்கு தவறாமல் நடக்க வேண்டும். மலை பேட்டரிகளுக்கு வாட்டசாட்டமான ஆட்களைப் பொறுக்கி எடுத்ததும், பயிற்சியை ஓயாமல் நடத்தியதும் இதற்காகத்தான்.

சுமையேற்றுவதும் அதே அளவு நுணுக்கம். குழல் கழுதையின் முதுகுக்கு நடுவே உயரத்தில் உட்காருவதால், சரிவில் ஆடி, சேணத்தையே ஒரு பக்கமாக உருட்டிவிடும். ஏற்றத்தில் சுமை பின்னால் வழுக்காமல் மார்பு வார் பிடிக்கும். இறக்கத்தில் முன்னால் சரியாமல் பின்வார் பிடிக்கும். வயிற்று வார் தளர்ந்தால் சேணம் தேய்த்துத் தோல் உரிந்து புண்ணாகும். புண்பட்ட கழுதை பல நாள் சுமக்காது. மாற்றுக் கழுதை இல்லையென்றால் ஒரு பாதிக் குழல் மட்டும் கையில் இருந்து என்ன பயன்?

ஸ்க்ரூ கன்னில் குழலின் வாய் வழியாகத்தான் குண்டு போட வேண்டும். அடுத்து வந்த 10 பவுண்டர் (10 ராத்தல் குண்டு சுடுவது) பின்பக்கமாகக் குண்டு போடும் வகை. ஆனால் அதிலும் பின்னுதைப்பைத் தாங்கும் அமைப்பு கிடையாது. சுடும்போதெல்லாம் பீரங்கியே பின்னால் ஓடும். திரும்பத் தள்ளிவந்து குறி வைக்க வேண்டும். 1915 ஏப்ரல் 25 அன்று துருக்கியின் கலிப்பொலியில் ஆஸ்திரேலிய, நியூஸிலாந்துப் படைகளோடு இறங்கிய கோஹாட், ஜேக்கப் என்ற இந்திய மலை பேட்டரிகளிடம் இருந்தது இதுதான். முதல் உலகப்போரின்போதே வந்த 3.7 அங்குல ஹவிட்ஸர் (குண்டை உயர வளைத்துச் சுடும் பீரங்கி) இந்தக் குறையைத் தீர்த்தது. 20 ராத்தல் குண்டு, உதைப்பை உள்வாங்கும் அமைப்பு, எட்டுக் கழுதைகள்.

கழுதையிலிருந்து இறக்கிய பாகங்களை ஆட்கள் தூக்க இரும்புத் தண்டு ஒன்று இருக்கும். ‘கன் பேரர்’ என்பார்கள். 1944 டிசம்பரில் பர்மாவின் கலாடன் பள்ளத்தாக்கில் ஜப்பானியர்கள் பீரங்கி நிலை வரை வந்துவிட, தோட்டா தீர்ந்த ஹவில்தார் உம்ராவ் சிங் அந்தத் தண்டால்தான் கைகலப்பில் இறங்கினார். ஆறு மணி நேரம் கழித்து, படுகாயத்தோடு நினைவிழந்த நிலையில் பீரங்கியருகே அவரைக் கண்டெடுத்தார்கள். அவருக்கு பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் கிடைத்தது. பீரங்கியும் பறிபோகவில்லை.

சமவெளிப் பீரங்கி இந்தியர்கள் கைக்குத் திரும்பி வர 1935 ஜனவரி ஆனது. பெங்களூரில் தொடங்கிய ‘ஏ’ ஃபீல்டு பிரிகேடில் மதராஸிச் சிப்பாய்களும் இருந்தார்கள். அதன் ஆரம்பகால இந்திய அதிகாரிகளில் ஒருவரான பி.பி. குமாரமங்கலம் 1966-இல் தரைப்படைத் தளபதியானார்.

எடைக் கணக்கு இன்றும் விடவில்லை. 2018-இல் இந்தியப் படையில் சேர்ந்த எம்777 பீரங்கி 155 மில்லிமீட்டர் வகையாக இருந்தும் சுமார் 4,200 கிலோதான். டைட்டானியத்தை நிறையப் பயன்படுத்தி எடையை இப்படிக் குறைத்ததால்தான் சினூக் ஹெலிகாப்டர் அதைக் கீழே தொங்கவிட்டுத் தூக்கிப்போக முடிகிறது. உயரம் கூடக்கூடக் காற்று மெலிந்து ஹெலிகாப்டரின் தூக்கும் திறன் குறையும் என்பதால், மலையில் ஒவ்வொரு கிலோவும் கணக்குதான்.