41-வது பிள்ளை

ஒரு பள்ளியில் 40 பிள்ளைகள் ஐந்தாம் வகுப்பில் சேர்கிறார்கள். ஒரே வகுப்பறை. இன்னொரு பள்ளியில் 41 பேர். ஒரு வகுப்பில் 40 பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. அதனால் அங்கே 20, 21 என்று இரண்டாகப் பிரித்துவிடுகிறார்கள். ஒரே ஒரு பிள்ளை கூடுதலாக வந்து சேர்ந்ததில் மற்ற எல்லோருக்கும் வகுப்பு பாதியாகிவிடுகிறது. இஸ்ரேலின் அரசுப் பள்ளிகளில் 1969-இல் இந்த விதி வந்தது. 12-ஆம் நூற்றாண்டு யூத அறிஞர் மைமோனிடீஸ் சொல்லி வைத்த கணக்கு இது: 25 பிள்ளைகள் வரை ஒரு ஆசிரியர் போதும், அதற்கு மேல் 40 வரை ஒரு உதவியாளர் வேண்டும், 40-ஐத் தாண்டினால் இரண்டு ஆசிரியர்கள்.

நான் கல்லூரியில் புள்ளியியல் கற்பிக்கிறேன். எது காரணம், எது வெறுமனே கூடவே வருவது என்று பிரித்துப் பார்க்கும் பாடம் வரும்போது வகுப்பின் அளவு மதிப்பெண்ணை மாற்றுகிறதா என்று இந்த விதியை வைத்துப் பார்த்து, பொருளாதார அறிஞர்கள் ஜோஷுவா ஆங்க்ரிஸ்ட், விக்டர் லாவி இருவரும் 1999-இல் வெளியிட்ட ஆய்விலிருந்துதான் தொடங்குவேன். கரும்பலகையில் ஒரு கோடு. பிள்ளைகளின் எண்ணிக்கை ஏற ஏற வகுப்பின் அளவும் ஏறுகிறது, 40-இல் உச்சி. 41-இல் பொத்தென்று 20.5-க்கு விழுகிறது. மறுபடி ஏறி 80-இல் 40-ஐத் தொடுகிறது. 81-இல் 27-க்கு இறங்குகிறது. ரம்பப் பல் மாதிரி. இந்தப் படத்தைப் பார்த்ததும் மாணவர்களுக்குப் பாதிப் பாடம் புரிந்துவிடும்.

ஏன் இவ்வளவு சுற்றிவளைக்க வேண்டும்? பெரிய வகுப்பு, சிறிய வகுப்பு இரண்டின் மதிப்பெண்களையும் நேரடியாக ஒப்பிட்டால் போதாதா? ஒப்பிட்டால் பெரிய வகுப்புப் பிள்ளைகள்தான் நன்றாகப் படிப்பதாகத் தெரியும். இஸ்ரேல் தரவிலும் அப்படித்தான் வந்தது. பெரிய பள்ளிகளில் வசதியான வீட்டுப் பிள்ளைகள் அதிகம். வகுப்பின் அளவு செய்யாத வேலைக்கு அதன் பெயரில் வரவு எழுதுகிறோம். ஆனால் 40 பேர் சேர்ந்த பள்ளிக்கும் 41 பேர் சேர்ந்த பள்ளிக்கும் குடும்ப வசதியில் என்ன பெரிய வித்தியாசம் இருந்துவிடப் போகிறது? அந்த இடத்தில் வைத்துப் பார்த்தார்கள். 1991 தேர்வுகளில், குறிப்பாக ஐந்தாம் வகுப்பில், சிறிய வகுப்பு மதிப்பெண்ணைக் கூட்டியது என்று தெரிந்தது.

ஆங்க்ரிஸ்ட் மீது எனக்கு மரியாதை வந்தது இதற்கு அடுத்த கட்டத்தில். 2019-இல் அவரும் லாவியும் வேறு இருவரோடு சேர்ந்து அதே விதியை வைத்து, 2002 முதல் 2011 வரையிலான மிகப் பெரிய தரவில் அதே கேள்வியை மறுபடி கேட்டார்கள். வகுப்பின் அளவுக்கு எந்த விளைவும் இல்லை என்று வந்தது. அதோடு இன்னொன்றும் தெரிந்தது. கூடுதல் வகுப்பு கிடைக்கும் எல்லையை மயிரிழையில் தாண்டி நிற்கும் பள்ளிகள் வழக்கத்துக்கு மாறாக அதிகம். எண்ணிக்கையை யாரோ தள்ளியிருக்கிறார்கள். சரி, அதைச் சரிசெய்ய வழி உண்டா? பள்ளி சொல்லும் எண்ணிக்கையை விட்டுவிட்டு, பிள்ளைகளின் பிறந்த தேதியிலிருந்து எத்தனை பேர் சேர்ந்திருக்க வேண்டும் என்று கணக்கிட்டார்கள். அப்போதும் பூஜ்யம்தான். தங்களுக்குப் பெயர் வாங்கித் தந்த முடிவு புதிய தரவில் வரவில்லை என்பதைத் தாங்களே எழுதி வெளியிட்டார்கள். எத்தனை துறைகளில் இதைப் பார்க்க முடியும்?

2021-இல் ஆங்க்ரிஸ்டுக்கும் கைடோ இம்பென்ஸுக்கும் சேர்த்துப் பொருளாதார நோபலின் பாதி கிடைத்தது. மறுபாதி டேவிட் கார்டுக்கு. விருதுக்குப் பின்னால் இருக்கும் கல்வி ஆய்வுகளில் எல்லோரும் சொல்வது 1991-இல் ஆங்க்ரிஸ்ட், ஆலன் க்ரூகர் என்ற பொருளாதார அறிஞரோடு சேர்ந்து எழுதியதைத்தான். ஓராண்டு கூடுதலாகப் படித்தால் சம்பளம் எவ்வளவு கூடும் என்பதுதான் கேள்வி. அதிகம் படித்தவர்கள் இயல்பிலேயே கெட்டிக்காரர்களாக இருக்கலாம், அதனால் நேரடி ஒப்பீடு எடுபடாது. இவர்கள் பிறந்த மாதத்தைப் பிடித்தார்கள்.

1930-களில் பிறந்தவர்கள் படித்த காலத்தில் அமெரிக்காவில் இருந்த பொதுவான ஏற்பாடு இது: ஆறு வயது நிறையும் ஆண்டில் பள்ளியில் சேர வேண்டும், பல மாநிலங்களில் 16-வது பிறந்தநாள் வந்ததும் நின்றுகொள்ளலாம். ஜனவரியில் பிறந்த பையன் செப்டம்பரில் சேரும்போது அவனுக்கு ஆறு வயது எட்டு மாதம். டிசம்பரில் பிறந்தவன் ஆறு நிறைவதற்கு முன்பே சேர்ந்துவிடுகிறான். இருவரும் 16 நிறைந்த அன்றே நின்றால், ஜனவரிப் பையன் ஏறக்குறைய ஓராண்டு குறைவாகப் படித்திருப்பான். பிறந்த மாதத்தை யாரும் கெட்டிக்காரத்தனத்தால் சம்பாதிப்பதில்லை.

1930-களில் பிறந்த ஆண்களை 1980 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பார்த்தார்கள். ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் பிறந்தவர்கள் மற்றவர்களைவிட 0.11 ஆண்டு குறைவாகப் படித்திருந்தார்கள், சம்பளம் 1.1 சதவீதம் குறைவு. ஒன்றை மற்றதால் வகுத்தால் ஓராண்டுப் படிப்புக்குச் சுமார் 10 சதவீதம். நேரடி ஒப்பீட்டில் வந்தது சுமார் 7. கெட்டிக்காரத்தனத்தைக் கழித்தால் படிப்பின் பலன் சுருங்கிவிடும் என்று பலர் நினைத்திருந்தார்கள். சுருங்கவில்லை.

இந்த ஆய்வும் அடி வாங்கியது. பவுண்ட், ஜேகர், பேக்கர் மூவரும் 1995-இல், நிஜமான பிறந்த மாதத்துக்குப் பதில் கம்ப்யூட்டர் உருட்டிக் கொடுத்த எண்களைப் போட்டே அதன் சில அட்டவணைகளைப் போன்ற விடைகளை வரவழைத்துக் காட்டினார்கள். பிறந்த மாதத்தால் படிப்பில் வரும் 0.11 ஆண்டு வித்தியாசம் அவ்வளவு மெலிந்த பிடி. அதை மாநிலம், ஆண்டு என்று நூற்றுக்கணக்கான துண்டுகளாக வெட்டினால் விடை ஏமாற்றும். அப்புறம் 2013-இல் பக்கிள்ஸ், ஹங்கர்மன் இருவரும், குளிர்காலத்தில் பிள்ளை பெறும் தாய்மார்களே சராசரியாக வேறு மாதிரி, பதின்வயதினரும் படிப்பு குறைந்தவர்களும் அவர்களில் அதிகம் என்று காட்டினார்கள். இது எனக்கு முதல் விமர்சனத்தைவிடக் கடுமையாகப் படுகிறது. பிடி மெலிவு என்றால் கணக்கு முறையை மாற்றிச் சமாளிக்கலாம். பிறந்த மாதமே குடும்ப நிலையோடு ஒட்டிக்கொண்டு வருகிறது என்றால் அடிப்படையே ஆட்டம் காண்கிறது.

ஆனால் அந்த 0.11-ஐ இன்னொரு தரம் பாருங்கள். முதல் மூன்று மாதங்களில் பிறந்தவர்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையே சட்டம் திறந்துவிட்ட இடைவெளி சராசரியாகக் கிட்டத்தட்ட அரை ஆண்டு. படிப்பில் தெரிவது அதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. காரணம், பெரும்பாலான பையன்கள் எந்த மாதத்தில் பிறந்திருந்தாலும் படிப்பைத் தொடரத்தான் செய்தார்கள். சட்டம் சிலரைத்தான் அசைத்தது. இம்பென்ஸும் ஆங்க்ரிஸ்டும் 1994-இல் நிறுவியது இதைத்தான்: இப்படிக் கிடைக்கும் விடை, விதி அசைத்த அந்தச் சிலருக்கானது. எப்படியும் பட்டம் வாங்கியிருக்கப் போகிறவனைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

வகுப்பில் நான் அதிக நேரம் செலவிடுவது இந்த இடத்தில்தான். 10 சதவீதம் என்ற எண்ணைக் கொடுத்து, இதை வைத்து எந்த முடிவை எடுக்கலாம் என்று கேட்பேன். உயர்கல்விக் கடன் திட்டத்துக்கு ஆதாரமாகக் காட்டலாம் என்று முதலில் பலர் சொல்வார்கள். யார் அசைந்தார்கள் என்று திருப்பிக் கேட்டால் கொஞ்ச நேரம் யோசிப்பார்கள். 16 நிறைவதற்கு முன்பே நின்றுவிட நினைத்து, சட்டம் பிடித்து வைத்ததால் மட்டும் இன்னும் சில மாதங்கள் பள்ளியில் இருந்தவன்தான் அந்த எண்ணுக்குள் இருப்பவன். அப்படியானால் பள்ளியை விட்டு நிற்கும் வயதை 16-இலிருந்து 17 ஆக்கலாமா என்று ஒரு அரசு யோசித்தால், அதற்கு வேண்டியது இவனுடைய எண்தான்.