மூலமா, அப்ப மாமனார் இல்லாத வீடாப் பாருங்க

ராகு காலம் பார்க்கிறவர்களோடு எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. எங்கள் வீட்டிலேயே பார்ப்பார்கள். "திருநாள் சந்தடியில் வெயிலில் புறப்பட்டு விளையாடச் செல்வது ஞாயமா" என்று அம்மா சின்ன வயசிலேயே மனப்பாடம் செய்ய வைத்துவிட்டாள். ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தும் ஒரு கிழமை, திங்கள் ஏழரைக்குத் தொடங்கும், சனி ஒன்பது, வெள்ளி பத்தரை என்று ஒன்றரை ஒன்றரை மணியாகத் தள்ளிக்கொண்டே போனால் ஞாயிறு நாலரைக்கு வந்து நிற்கும். சூரியன் சரியாக 6 மணிக்கு உதிக்கும் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது. ஜனவரியில் எங்கள் திருநெல்வேலியில் ஆறரை தாண்டித்தான் விடிகிறது, அதற்காக யாரும் தினசரி காலண்டரைத் திருத்துவதில்லை. கேட்டால், "ஊரே பாக்குது, நீ மட்டும் என்ன பெரிய இவளா" என்பாள் அம்மா. சரி, இவள் இல்லைதான்.

வெளியே கிளம்புகிறவரை "எங்கே" என்று கேட்கக்கூடாது, "தூரமா?" என்றுதான் கேட்க வேண்டும். விளக்கு வைத்த பிறகு வீடு பெருக்கக்கூடாது, உப்பு கடன் கொடுக்கக்கூடாது, வெள்ளிக்கிழமை பணம் கைமாறக்கூடாது. இதெல்லாம் பாதி பழக்கம், பாதி பயம், யாருக்கும் பெரிய நஷ்டமில்லை.

சிலவற்றின் வயசைப் பார்த்தால் மரியாதைகூட வருகிறது. எங்கள் ஆச்சி ஏதாவது பேசிக்கொண்டிருக்கும்போது சுவரில் பல்லி சத்தம் போட்டால் உடனே நிறுத்தி, விரலால் தரையில் தட்டி, "பாத்தியா, பல்லியே சொல்லிட்டு" என்பாள். நற்றிணையின் 98ஆம் பாட்டில் ஒரு காட்டுப்பன்றி வருகிறது. தினைப்புனத்தில் மேயலாம் என்று பொறி வைத்த குறுகிய வழிக்குள் நுழையும் நேரத்தில் பக்கத்தில் பல்லி சொல்லிவிடுகிறது, பன்றியும் மெல்ல மெல்லப் பின்னாலேயே நடந்து தன் குகைக்குப் போய்ப் படுத்துக்கொள்கிறது. மனுஷனை விடுங்கள், பன்றியே சகுனம் பார்த்திருக்கிறது. காக்கா கரைந்தால் விருந்தாளி வருவார் என்பதும் அப்படித்தான், குறுந்தொகையில் இருக்கிறது. விருந்து வரக் கரைந்த காக்கைக்கு ஏழு கலம் நெய்ச்சோறு வைத்தாலும் போதாது என்கிறாள் தோழி. இப்போது காக்காவுக்கு முன்னால் வாட்ஸ்அப்பில் லொகேஷன் வந்துவிடுகிறது, அது வேறு விஷயம்.

என் கணக்கு ஒன்றுதான்: நம்பிக்கை உன்னுடையதென்றால் அதற்கான செலவும் உன்னுடையதாக இருக்க வேண்டும். ராகு காலம் முடியட்டும் என்று நீ வாசலில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தால் அது உன் ஒன்றரை மணி நேரம். திருஷ்டிப் பூசணிக்காய் கொஞ்சம் சிக்கலானது. காயின் தலையை வெட்டி, உள்ளே குங்குமம் கரைத்து ஊற்றி, சில்லறை போட்டு, மேலே சூடம் ஏற்றி, கடையை மூன்று சுற்று சுற்றி நட்டநடு ரோட்டில் ஓங்கிப் போட்டு உடைத்துவிட்டு ஷட்டரை இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள். திருஷ்டி கழிந்தது கடைக்காரருக்கு. ராத்திரி அந்த வழியாக டூ வீலரில் வருகிறவன் அதில் வழுக்கி விழுந்தால் அவன் முழங்கால் சில்லு யார் கணக்கில் வரும்? ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை போலீஸும் சொல்லிப் பார்க்கிறது, ரோட்டில் உடைக்காதீர்கள் என்று.

இதையும்கூட ஓரமாக உடைத்தால் சரியாகிவிடும். சரியாகாத ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்று. நட்சத்திரப் பழமொழிகள்.

பரணி தரணி ஆளும். மகம் ஜகம் ஆளும். அவிட்டத்தில் பிறந்தால் தவிட்டுப் பானையெல்லாம் தங்கம். கேட்டையில் பிறந்தவன் கோட்டை கட்டுவான். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அடுத்த பக்கத்தைத் திருப்புங்கள்: பூராடம் நூலாடாது, அதாவது கழுத்தில் தாலிக்கயிறு தங்காது. ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம். ஆயில்யம் மாமியாருக்கு ஆகாது, மூலம் மாமனாருக்கு ஆகாது, விசாகம் கொழுந்தனுக்கு ஆகாது, கேட்டை மூத்தாருக்கு ஆகாது. கோட்டை கட்டிய அதே கேட்டைதான், பொண்ணு பிறந்ததும் புருஷனின் அண்ணனை முழுங்கப் பார்க்கிறது.

பரணி, தரணி. மகம், ஜகம். பூராடம், நூலாடம். ஜோசியத்தைவிட இதில் எதுகைதான் அதிகம் வேலை செய்திருக்கிறது. உத்திரட்டாதிக்கு வாகான எதுகை எவனுக்கும் சிக்கவில்லை, அந்தப் பெண்கள் தப்பித்தார்கள்.

என் சித்தி மகளுக்கு மூலம். எம்.காம். படித்தவள், நல்ல வேலை, ஜாதகத்தில் வேறு ஒரு குறையும் கிடையாது. தரகர் அண்ணாச்சி ஒருவர் வீட்டுக்கு வருவார். கையில் ரெக்சின் பை, அதற்குள் ஜாதக ஜெராக்ஸ் கட்டுகள், ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு ரப்பர் பேண்ட். பொதுக் கட்டு ஒன்று, செவ்வாய் தோஷக் கட்டு ஒன்று, அப்புறம் மெல்லிசாக மூன்றாவதாக ஒன்று. தங்கச்சி ஜாதகத்தை வாங்கிப் பார்த்தவர் மேல் மூலையில் பென்சிலால் "மூ" என்று எழுதி, ஒன்றும் பேசாமல் அந்த மூன்றாவது கட்டில் செருகினார். சித்தி முகம் மாறியதைப் பார்த்துவிட்டு, "கவலைப்படாதீங்கக்கா, மாமனார் இல்லாத எடமாப் பாத்துருவோம்" என்றார்.

ஆறுதலாகத்தான் சொன்னார். அவரைக் குறை சொல்லவில்லை, ஊரில் நடைமுறையே அதுதான். மூலம் என்றால் மாமனார் இறந்த வீடு, ஆயில்யம் என்றால் மாமியார் இறந்த வீடு, கேட்டை என்றால் மூத்த பிள்ளை, விசாகம் என்றால் கடைக்குட்டி. பொண்ணைப் பெற்றவர்கள் யார் வீட்டில் யார் செத்திருக்கிறார்கள் என்று விசாரித்துக்கொண்டு திரிய வேண்டும். இதற்குப் பெயர் சுபகாரியம்.

ஒரு வரன் கிட்டத்தட்டக் கூடி வந்தது. பத்துப் பொருத்தத்தில் எட்டு இருந்தது, பையனுக்கும் பிடித்திருந்தது. அவன் அம்மா மட்டும் தட்டிக்கழித்துக்கொண்டே இருந்து கடைசியில் சித்தியைத் தனியாகக் கூப்பிட்டு, "தப்பா எடுத்துக்காதீங்க மதினி, இவருக்கு ஏற்கெனவே ரெண்டு ஸ்டென்ட் வச்சிருக்கு" என்றார். 'இவர்' கூடத்தில் உட்கார்ந்து எங்கள் வீட்டு மிக்சரை ஒரு பருக்கை விடாமல் முடித்துக்கொண்டிருந்தார், கூடவே அல்வாவும். அந்த ரத்தக்குழாய்க்கு ஆபத்து மருமகள் நட்சத்திரத்திலிருந்துதான் வரப்போகிறதாம்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நட்சத்திரம் மொத்தம் 27. ஆயில்யம், விசாகம், கேட்டை, மூலம், பூராடம் என்று ஐந்தை ஒதுக்கினால் நூறு பெண் பிள்ளைகளில் பதினெட்டுப் பேருக்கு மேல் பிறக்கும்போதே அந்த மூன்றாவது ரப்பர் பேண்டுக்குள் போய்விடுகிறார்கள். இதில் இன்னொரு வேடிக்கை. சந்திரன் ஒரு நட்சத்திரத்தைக் கடக்க ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். வரிசையைப் பாருங்கள்: 16 விசாகம், 17 அனுஷம், 18 கேட்டை, 19 மூலம், 20 பூராடம். அடுத்தடுத்த ஐந்து நாளில் நாலு நாள் ஆகாத நாள். பிறந்த நேரத்தைக் கொஞ்சம் முன்னே பின்னே மாற்றி எழுதிவிட்டால் என்ன என்று சித்தப்பா ஒருநாள் ரகசியமாகக் கேட்டார் (கேட்காத வீடு உண்டா?). மூலத்திலிருந்து முன்னால் தள்ளினால் கேட்டை, பின்னால் தள்ளினால் பூராடம். மாமனாரைக் காப்பாற்றப் போய்ப் புருஷனுக்கே வம்பாகிவிடும். பொய் சொல்லக்கூட வழி வைக்கவில்லை.

இத்தனைக்கும் இதே நட்சத்திரங்களைக் கோயிலில் எப்படிக் கொண்டாடுகிறோம்! மார்கழி மூலத்தில் அனுமனுக்கு வடைமாலை. நவராத்திரியில் சரஸ்வதிக்கு உகந்த நாள் மூலம்; பிள்ளைகள் புத்தகத்தையெல்லாம் அடுக்கிக் கும்பிடுகிறோமே, அந்தக் கலைவாணிக்கு இங்கே வரன் பார்த்தால் முதல் கேள்வியே "மாமனார் இருக்காரா?" வைகாசி விசாகத்துக்குத் திருச்செந்தூரில் கால் வைக்க இடமிருக்காது. அத்தனை கூட்டமும் முருகன் பிறந்த நட்சத்திரம் என்று உருகிவிட்டு, வீட்டுக்கு வந்து விசாகத்துப் பொண்ணு ஜாதகத்தைத் திருப்பி அனுப்பும்.

இதற்கும் சப்பைக்கட்டு உண்டு. பழமொழி தப்பில்லை, நாம்தான் திரித்துவிட்டோம், அது "ஆனி மூலம் அரசாளும், பின் மூலம் நிர்மூலம்" என்று டி.வி.யில் காலையில் ஒருவர் விளக்குகிறார். இன்னொருவர் முதல் பாதம் மட்டும்தான் தோஷம், மற்ற மூன்றும் பரவாயில்லை என்கிறார். வடக்கே தலை வைத்துப் படுக்காதே என்பதற்கு ரத்தத்தில் இரும்பு, பூமிக்குக் காந்தம் என்று ஒரு ஃபார்வர்ட் சுற்றுமே, அந்த ரகம். (எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் காந்தம் சாதாரணமாக ஒன்றரை டெஸ்லா. நம் ஊரில் பூமியின் காந்தம் அதில் முப்பதாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதற்குள் அரை மணி நேரம் படுத்து எழுந்து வருகிறவர்களின் ரத்தம் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடவில்லை.) அந்த ஃபார்வர்டாவது சும்மா இருக்கும். ஆனி மூலம் என்று திருத்தினால் மிச்ச மாதத்தில் பிறந்த மூலத்துக்காரிகளை என்ன செய்வதாம்? முதல் பாதம் மட்டும் என்று சுருக்கினால் அந்த ஆறு மணி நேரத்துக்குள் பிறந்தவளை? யாரையாவது ஒருத்தியைக் காவு கொடுத்தாக வேண்டும் போலிருக்கிறது.

தங்கச்சிக்குக் கல்யாணம் ஆனதா என்று கேட்பீர்கள். ஆயிற்று. மாமனார் இருக்கிறாரா, எப்படி இருக்கிறார் என்பதை இங்கே எழுதமாட்டேன். அவர் ஜம்மென்று இருந்தால் மூலம் பொய், நாளைக்கே அவருக்கு ஒன்று என்றால் மூலம் மெய் என்று பேச ஆரம்பித்தால் நானும் அண்ணாச்சி கட்சியில் சேர்ந்துவிடுவேன். வயதானவர்களுக்கு என்றைக்காவது ஒன்று ஆகத்தான் செய்யும், எந்த நட்சத்திரத்துக்காரி மருமகளாக வந்தாலும்.

அண்ணாச்சியிடமாவது உட்கார வைத்துக் காப்பி கொடுத்துப் பேசிப் பார்க்கலாம். "பையன் வீட்ல பக்குவமாச் சொல்லுதேன்க்கா" என்று இரண்டு மூன்று இடத்தில் அவர் சொல்லியும் பார்த்தார். இப்போது வரன் தேடுவதெல்லாம் செல்போனில். பையன் வீட்டுக்காரர்கள் ஆப்பில் நட்சத்திரப் பட்டியலைத் திறந்து வேண்டியதை மட்டும் தேர்ந்தெடுத்துக்கொள்கிறார்கள், வேண்டாதது கண்ணிலேயே படாது. போட்டோ, படிப்பு, வேலை எதையும் யாரும் பார்த்து வேண்டாம் என்று சொல்வதுகூடக் கிடையாது. தங்கச்சி பெயரைப் பதிந்திருந்த நாளில், நம் பிள்ளைக்கு ஏன் ஒருத்தரும் விருப்பம் அனுப்ப மாட்டேன் என்கிறார்கள், போட்டோ சரியில்லையோ என்று சித்தி இரண்டு தடவை ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போய் வேறு சேலையில் எடுத்துவந்தார்.

அந்தப் பட்டியலில் மேலேயே "எல்லாம் சரி" என்று ஒரு கட்டம் இருக்கும். பையனுக்குப் பொண்ணு தேடுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், முதலில் அதைத் தொட்டுவிட்டு அப்புறம் தேடுங்கள். பத்துப் பொருத்தமும் பிறகு சாவகாசமாகப் பார்த்துக்கொள்ளலாம், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.