மறுபடி எப்போது தூக்கலாம்?

முதுகைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வருகிறவர்கள் "வலி எப்ப போகும்?" என்று முதலில் கேட்பதில்லை. "எப்ப மறுபடி தூக்கலாம்?" என்றுதான் கேட்கிறார்கள். முதுநகர் மீன்பிடித் துறைமுகத்தில் பெட்டி இறக்குகிறவர், பண்ருட்டி மண்டியில் பலாப்பழம் ஏற்றுகிறவர், சிப்காட்டில் ஒப்பந்தக் கூலியாக டிரம் உருட்டுகிறவர், தலையில் மீன் கூடையோடு தெருத்தெருவாகப் போகிற அம்மா, எல்லாருக்கும் இதே கேள்விதான். அன்றன்றைக்குப் போனால்தான் காசு என்று வாழ்கிறவர்களுக்கு வேறு கேள்வி எப்படி வரும்?

நான் கடலூரில் பிசியோதெரபிஸ்ட். இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் கிடைக்கிற பதில், "ஓய்வெடுங்க, இனிமே கனம் தூக்காதீங்க." சரிதான். ஆனால் கனம் தூக்காமல் அந்த மனிதர் என்ன செய்து பிழைப்பார் என்பதை யாரும் சீட்டில் எழுதித் தருவதில்லை. அதைப் பற்றி யோசிக்க எனக்குக் கற்றுக்கொடுத்தவர்களில் சிலர் டிவி மல்யுத்தக்காரர்கள். நாற்பது வயதுக்கு மேல் அவர்கள் என்ன ஆனார்கள் என்று பொழுதுபோக்காகத்தான் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். இப்போது அது என் வேலையின் ஒரு பகுதியாகிவிட்டது.

என் வயதுக்காரர்களுக்கு டபிள்யூ.டபிள்யூ.இ.யை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. கேபிளில் பார்த்தோம், அவர்கள் படம் போட்ட சீட்டுகளை வைத்து விளையாடினோம், அண்டர்டேக்கருக்கு ஏழு உயிர் என்று சத்தியம் செய்தோம். அப்புறம் யாரோ ஒரு அண்ணன் "அதெல்லாம் டூப்புடா" என்று சொல்ல, பாதிப் பேர் விட்டுவிட்டோம். யார் ஜெயிப்பது என்பது முன்பே முடிவு செய்த விஷயம்தான். ஆனால் விழுவது நிஜம். அந்த மேடை இரும்புச் சட்டத்தின் மேல் பலகை, அதன் மேல் மெல்லிய ஃபோம், அதன் மேல் கித்தான் துணி. அவ்வளவுதான். அதில் மல்லாந்து விழுவதற்கென்று ஒரு முறை இருக்கிறது. தாடையை நெஞ்சோடு ஒட்ட வைக்க வேண்டும், தலை பின்னால் அடிபடக் கூடாது. முதுகின் மேற்பகுதி முழுக்கப் பரவலாகத் தரையில் பட வேண்டும். கைகள் இரண்டும் அதே நொடியில் தரையை அறைய வேண்டும். அடி ஒரே இடத்தில் இறங்காமல் உடம்பு முழுக்கப் பிரிந்து போவதற்காக இந்த ஏற்பாடு. இப்படி ஒரு இரவில் பல தடவை, வருடக்கணக்கில். முறையாக விழுந்தாலும் கணக்கு ஏறிக்கொண்டேதான் போகும். மூட்டை தூக்குகிறவர் முதுகிலும் இதேபோல்தான் ஏறுகிறது. முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கிற டிஸ்க் பெரும்பாலும் ஒரு மூட்டையில் போவதில்லை. பல வருடத்து மூட்டைகள் சேர்ந்து, ஒருநாள் குனிந்த வாக்கில் திரும்பும்போது பிதுங்குகிறது.

ஷான் மைக்கேல்ஸ் கதை இதற்குச் சரியான சாட்சி. 1998 ஜனவரியில் அண்டர்டேக்கரோடு நடந்த போட்டியில் மேடைக்கு வெளியே விழும்போது, கீழே வைத்திருந்த சவப்பெட்டியின் விளிம்பில் அவர் இடுப்பு பட்டது. இரண்டு டிஸ்க் பிதுங்கியது, ஒன்று நசுங்கியது. அப்போது அவருக்கு 32 வயது. அந்த முதுகோடு மார்ச் மாதம், வருடத்தின் பெரிய நிகழ்ச்சியான ரெசில்மேனியாவுக்கு வந்து, ஸ்டீவ் ஆஸ்டினிடம் பட்டத்தைத் தோற்றுக் கொடுத்துவிட்டுப் போனார். கோதாவை விட்டுப் போகிறவர் அடுத்தவரை ஜெயிக்க வைத்துவிட்டுப் போக வேண்டும் என்பது அவர்கள் தொழிலில் ஒரு மரியாதை. அதன் பிறகு முதுகில் ஆபரேஷன், வலி மாத்திரைக்கு அடிமையான காலம், நான்கு வருட இடைவெளி. 2002 ஆகஸ்டில் ஒரே ஒரு போட்டி என்று சொல்லித் திரும்பி வந்தவர் 2010 வரை ஆடினார். அவருடைய மிகச் சிறந்த ஆட்டங்களில் பல அந்த எட்டு வருடத்தில்தான் வந்தன என்பது என் கருத்து. இன்று என்.எக்ஸ்.டி. என்கிற பிரிவில் இளைஞர்களை உருவாக்குகிற பொறுப்பில் இருக்கிறார்.

வலி மாத்திரை என்று எழுதும்போது கை கொஞ்சம் நிற்கிறது. விடிகாலையில் ஒரு ஊசி போட்டுக்கொண்டு நேராக வேலைக்குப் போகிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன். வலி என்பது உடம்பு எழுப்புகிற சத்தம். அதை அடக்கிவிட்டு அதே மூட்டையை அதே விதமாகத் தூக்கினால், உள்ளே நடப்பது நடந்துகொண்டுதான் இருக்கும். இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். முதுகு வலியோடு பாதம் தொங்கிப்போனாலோ, உட்காருகிற இடத்தில் மரத்துப்போனாலோ, சிறுநீர் தெரியாமல் போனாலோ, அல்லது வராமல் அடைத்துக்கொண்டாலோ, என்னிடம் வர வேண்டாம், யாரிடமும் எண்ணெய் போட்டு நீவிக்கொள்ளவும் வேண்டாம். அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். அந்த நிலையில் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

என் மனதுக்கு மிக நெருக்கமானவர் டயமண்ட் டல்லாஸ் பேஜ். 35 வயதில்தான் மல்யுத்தம் ஆட வந்தார். அந்தத் தொழிலில் பலர் தளர ஆரம்பிக்கிற வயது அது. அதற்கு முன் மற்ற வீரர்களுக்கு மேனேஜராக, மேடைக்கு வெளியே நின்று பேசிக்கொண்டிருந்தவர். உச்சத்துக்கு வந்த நேரத்தில், 1998-ல், இடுப்பில் எல்4, எல்5 என்கிற கடைசி இரண்டு முதுகெலும்புகளை ஒட்டிய டிஸ்க்குகள் போய்விட்டன. இனி ஆட்டம் இல்லை என்றார்கள் டாக்டர்கள். மனைவிதான் யோகா செய்து பார்க்கச் சொன்னார். 42 வயது வரை அந்தப் பக்கமே திரும்பிப் பார்க்காத ஆள் நான் என்று அவரே சொல்லுவார். யோகாவோடு, காயத்துக்குப் பிறகு கற்றுக்கொண்ட பிசியோ பயிற்சிகளையும் சேர்த்தார். எடை எதுவும் இல்லாமல், கண்ணுக்குத் தெரியாத ஒன்றைத் தள்ளுவது போலத் தசையை இறுக்கிக்கொண்டு மெதுவாக அசைகிற முறையையும் சேர்த்தார். 1999 ஏப்ரலில், 43 வயதில், அப்போதைய போட்டி நிறுவனமான டபிள்யூ.சி.டபிள்யூ.வின் உலகப் பட்டத்தை ஜெயித்தார்.

ஆனால் அவருடைய பெரிய வேலை அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. அந்தப் பயிற்சியையே தொழிலாக்கினார். 2012-ல் ஜேக் ராபர்ட்ஸை அட்லாண்டா பக்கத்தில் இருந்த தன் வீட்டுக்கே கூட்டிவந்து வைத்துக்கொண்டார். பாம்போடு மேடைக்கு வருவாரே, அவர்தான். குடியாலும் போதையாலும் அந்தப் பழைய நட்சத்திரம் உடைந்துபோயிருந்த நேரம் அது. அடுத்து 2013-ல் இன்னொரு பழைய நட்சத்திரமான ஸ்காட் ஹாலும் வந்தார், நடக்கவே முடியாத நிலையில். இருவரும் 2014-ல் பழைய வீரர்களைக் கௌரவிக்கிற டபிள்யூ.டபிள்யூ.இ.யின் ஹால் ஆஃப் ஃபேம் மேடையில் ஏறினார்கள். ஸ்காட் ஹால் 2022-ல், இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு வந்த சிக்கலில் இறந்துபோனார். இதை அற்புதம் என்று நான் யாருக்கும் விற்க மாட்டேன். ஆனால் ஒன்பது வருடம் என்பது ஒரு மனிதனுக்குச் சின்னக் காலம் இல்லை. பக்கத்துப் பாண்டிச்சேரியில் ஒவ்வொரு ஜனவரியிலும் சர்வதேச யோகா விழா நடக்கிறது. பி.பி.டி. என்கிற பிசியோதெரபி பட்டம் படிக்கும்போது அங்கேயே இருந்தேன். ஆனாலும் முதுகு உடைந்த கூலிக்காரருக்கு யோகாவை எப்படிப் பிரித்துக் கொடுக்கலாம் என்பதை எனக்குக் காட்டியவர் இந்த அமெரிக்க மல்யுத்தக்காரர்தான்.

துறைமுகத்தில் பெட்டி இறக்குகிற ஒரு அண்ணனிடம் இதெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வேலை செய்தது. ஐம்பதை நெருங்குகிற வயது, எல்4-எல்5 பிதுங்கி இடது காலில் வலி இறங்கியிருந்தது. முதலில் நடைதான். அப்புறம் குப்புறப் படுத்துக் கையூன்றி நெஞ்சை உயர்த்துவது, ஏறக்குறைய புஜங்காசனம். சுவரைத் தள்ளுவது போல மெதுவாகத் தசையை இறுக்குவது. பிறகு காலிப் பெட்டியை முதுகை வளைக்காமல் இடுப்பை மடக்கி எடுப்பது. கொஞ்சம் கொஞ்சமாக எடை ஏற்றினோம். கால் வலி போய்விட்டது. அப்போதுதான் நிஜமான பிரச்சினை ஆரம்பித்தது. பழையபடி நாள் முழுக்கத் தரையிலிருந்து பெட்டி எடுத்தால் அந்த முதுகு தாங்காது என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

நான் விடியற்காலையில் துறைமுகத்துக்கே போய், அவர் கூடவே நின்று பார்த்தேன். ஒரு பிசியோதெரபிஸ்ட் கிளினிக்கில் இருந்தபடி கற்றுக்கொள்ள முடியாத விஷயங்கள் அங்கே இருக்கின்றன. தரை எவ்வளவு வழுக்குகிறது, பெட்டி எந்த உயரத்திலிருந்து வருகிறது, ஒரே ஆள் தூக்குவதை இரண்டு பேர் தூக்கினால் வரிசை எங்கே தடைபடுகிறது, எல்லாம். மேஸ்திரியிடம் பேசினோம். அண்ணன் தராசுப் பக்கம் நின்று எடை பார்ப்பது, கணக்கு வைப்பது, புதிதாக வருகிற பையன்களுக்குத் தூக்குகிற முறையைச் சொல்லித் தருவது, அவசரத்துக்கு மட்டும் இரண்டு பேராகச் சேர்ந்து தூக்குவது என்று முடிவானது. அவருக்குப் பிடிக்கவில்லை.

"எடை போடற இடத்துல நின்னா பாதி ஆளுன்னு நினைப்பானுங்க சார்."

அடுத்த முறை வந்தபோது போனில் ஸ்டிங் என்கிற மல்யுத்தக்காரரைக் காட்டினேன். 2015-ல் கழுத்தில் அடிபட்டு, தண்டுவடப் பாதை குறுகியிருப்பது தெரிந்து, 2016-ல் ஓய்வை அறிவித்தவர். 2020 டிசம்பரில் ஏ.இ.டபிள்யூ. என்கிற இன்னொரு மல்யுத்த நிறுவனத்தில் திரும்ப வந்தார். தனியாக ஆடவில்லை. டார்பி அல்லின் என்கிற இளைஞரோடு ஜோடியாக ஆடினார். 2024 மார்ச் 3 அன்று கிரீன்ஸ்பரோவில், 64 வயதில், கடைசிப் போட்டியையும் அதே பையனோடு ஜெயித்துவிட்டு முடித்தார். இடையில் அவரும் சில தடவை உயரத்திலிருந்து குதித்தார். அதைப் பார்க்கிற ஒவ்வொரு முறையும் எனக்குக் கழுத்து கூசும். அண்ணன் இரண்டு மூன்று வீடியோவைப் பேசாமல் பார்த்தார்.

"நிறைய விழறது அந்தப் பையன்தான்" என்றார். "இவரு வந்து நின்னாத்தான் சனம் கத்துது."

நான் விளக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

எல்லாரும் இப்படி வழி கண்டுபிடித்தார்கள் என்று சொல்ல மாட்டேன். மூத்த மல்யுத்தக்காரர் ரிக் ஃபிளேர் 2008-ல் ஷான் மைக்கேல்ஸிடம் தோற்று, அழுதுகொண்டே விடைபெற்றார். அதைவிட நல்ல முடிவு அந்தத் தொழிலில் யாருக்கும் கிடைத்ததில்லை. அதன் பிறகும் 2022-ல், 73 வயதில், நாஷ்வில்லில் மறுபடி மேடை ஏறினார். என்னால் அந்த ஆட்டத்தை முழுக்கப் பார்க்க முடியவில்லை. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. தான் யார் என்பதை ஒரே வேலையில் கட்டிவைத்துவிட்ட மனிதருக்கு அதை விடச் சொல்வது எவ்வளவு பெரிய விஷயம் என்று என் கிளினிக்கில் தினமும் பார்க்கிறேன்.

இன்னொரு ஒற்றுமையும் உண்டு. அந்தப் பெரிய நிறுவனங்களில் ஆடுகிறவர்கள் பெரும்பாலும் நிரந்தர ஊழியர்கள் இல்லை, ஒப்பந்தக்காரர்கள்தான். நம் ஊரில் சுமைப்பணிக்காரர்களுக்காக 1982-லேயே தமிழ்நாட்டில் உடல் உழைப்புத் தொழிலாளர் சட்டம் வந்தது, நல வாரியம் இருக்கிறது. பதிவு செய்யாமலே வயதாகிப்போனவர்களை நான் நிறையப் பார்க்கிறேன். அதனால் முதல் நாள் உடற்பயிற்சி சொல்லித் தரும்போதே, வாரிய அட்டை இருக்கிறதா என்றும் கேட்டுவிடுகிறேன். இது பிசியோதெரபியா என்று கேட்டால், ஆமாம் என்றுதான் சொல்வேன். வேலையை மாற்றிக்கொள்ள நாலு வாரம் அவகாசம் கிடைத்தால்தான் முதுகு ஆறும். அந்த அவகாசத்துக்குக் கையில் காசு வேண்டும்.

அண்ணனுக்குக் கூலி கொஞ்சம் குறைந்தது உண்மை. ஆனால் வேலை நாட்கள் கூடியிருக்கின்றன, ஊசி போடுவது நின்றிருக்கிறது. இப்போது புதிதாக வருகிற பையன்களுக்கு அவர் சொல்லித் தருவது தூக்குவது மட்டும் இல்லை. ஐஸ் தண்ணீரில் வழுக்கி விழுகிறவர்கள் அங்கே அதிகம். நான் பேச்சுவாக்கில் சொன்ன மல்யுத்தக்காரர் முறையை அவர் பிடித்துக்கொண்டார். வலைக்கூடத்தில் கிடந்த பழைய மெத்தையைப் போட்டு, பையன்களைக் குத்துக்காலிட்டு உட்கார வைத்து, அங்கிருந்து பின்னால் சாயச் சொல்கிறார். போன வாரம் நான் போனபோது, ஒருவன் தலையைப் பின்னால் விட்டுவிட்டான் என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். "தாடையை நெஞ்சுல ஒட்டுடா! கையால தரையை அடி! திரும்ப உக்காரு, மறுபடி விழு!"