வாசலில் செருப்புகள்

இன்று ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் என் செருப்பைத் தேட வேண்டியிருந்தது. ஒன்று படிக்கட்டில், அதன் ஜோடி வேப்பமரத்தடியில்.

போன ஞாயிறு வரை இப்படி இல்லை.

மூன்றாம் மணி அடித்ததும் மிலிட்டரித் தாத்தா குனிந்து, அத்தனை செருப்புகளையும் ஜோடி சேர்த்து வரிசையாக வைப்பார். குதிகால்கள் ஒரே கோட்டில் நிற்கும். நீலகிரி வெலிங்டனில் மதராஸ் ரெஜிமென்ட் பயிற்சியில் படிந்த பழக்கம். பிறகுதான் கடைசி பெஞ்சில் வந்து உட்காருவார். புதன்கிழமை அவரை அடக்கம் செய்தோம். வயது 91.

1971 போரில் கிழக்கு முனையில் இருந்தவர். டிசம்பர் 16 அன்று டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது. சுமார் 93,000 பேர் கைதானார்கள். அந்தக் கதையைக் கேட்டால் மட்டும், "சேறு, தம்பி. பூட்ஸைக் கழற்றவே நேரமில்லை" என்று சொல்லி நிறுத்திவிடுவார். சிறுவயதில் எனக்கு அது பெரிய ஏமாற்றம். துப்பாக்கிச் சத்தத்தை எதிர்பார்த்தவனுக்குச் சேறு கிடைத்தால்?

ஆனால் நவம்பர் வந்தால் அவர் திண்ணை நிறைந்துவிடும். ஓய்வூதியம் வாங்குவோர் ஆண்டுதோறும் உயிரோடு இருப்பதாகச் சான்று கொடுக்க வேண்டுமே. மூக்குக் கண்ணாடிக்கு நூல் கட்டிக்கொண்டு, ஊரிலுள்ள முன்னாள் வீரர்களுக்கும் அவர்களுடைய விதவைகளுக்கும் படிவம் நிரப்புவார். கண் தெரியாத ஆச்சியை வங்கிக்குக் கையைப் பிடித்து அழைத்துப் போவார். டீக்குக்கூடக் காசு வாங்கமாட்டார்.

செருப்பு கிடைத்தது. மாட்டிக்கொண்டு நிமிர்ந்தால், அந்த ஆச்சி இன்னும் படியில் நின்று காலால் தரையைத் துழாவிக்கொண்டிருந்தார்.

"ஆச்சி, உங்கள் செருப்பு என்ன நிறம்?"

"தெரியாதே, ஐயா. அவர்தான் எடுத்து வைப்பார்."