இங்க்ரிய மீன்: கல, கலன், கல்லா

பின்லாந்து வளைகுடாவின் தென்கரையில், ரஷ்யாவின் லெனின்கிராத் மாகாணத்தில் வாழும் இசோரியர்களின் மொழி இங்க்ரியம். இந்த மாதம் அதில் ஒரே ஒரு பெயர்ச்சொல்லோடு மல்லுக்கட்டினேன்: கல. மீன் என்று பொருள். 2010 கணக்கெடுப்பில் இசோரியர் என்று பதிந்தவர்களே 266 பேர்தான். பேசிப் பழக ஆளுக்கு எங்கே போவது? ஒலிப்பதிவுகளும் இலக்கண நூல்களும்தான் துணை.

சொல்லின் வரலாறு சுலபம். இங்க்ரியம், பின்னியம், ஹங்கேரியம் எல்லாம் கிளைத்த யூரலிய மூலமொழிக்கும் 'கல' என்றே மீட்டுருவாக்குகிறார்கள். பின்னியத்திலும் எஸ்தோனியத்திலும் அப்படியே 'கல'. ஹங்கேரியத்தில் முதல் ஒலி தேய்ந்து 'ஹல்'. (நம் 'கயல்' இதற்குச் சொந்தம் என்று யாரும் கிளம்ப வேண்டாம்!)

உச்சரிப்பில் ககரம் நமக்குத் தொல்லை தராது, காற்று சேராத க்தான். லகரம்தான் வேலை வாங்கியது. நாக்கு நுனி மேல்பல்லை ஒட்டியிருக்க, பின்நாக்கு சற்று எழவேண்டும். வாய் பழக்கதோஷத்தில் ளகரத்துக்கு ஓடும், விடக்கூடாது.

உண்மையான சுவாரசியம் வேற்றுமையில். கலன் என்றால் மீனின், கலஸ் மீனில், கலஸ்த் மீனிலிருந்து, கலக்ஸ் மீனாக. எல்லாம் ஒழுங்காக வருகிறது. திடீரென்று 'கல்லா'! 'கொஞ்சம் மீன்' என்ற பகுதிப்பொருளுக்கும் 'மீனுக்குள்' என்பதற்கும் இதே வடிவம். பழைய உருபுகளின் நடுவே இருந்த மெய் உதிர்ந்து, இரண்டு உயிர்கள் சேர்ந்து நெடிலாயின. அந்த நெடிலுக்கு முன் நின்ற லகரம் இரட்டித்தது. பின்னியத்தில் இரட்டிப்பு இல்லை, 'கலா' என்று நின்றுவிடும். பன்மையில் 'மீன்களின்' என்பதற்குக் 'கல்லொய்ன்', ஆனால் 'மீன்களில்' வெறும் 'கலொய்ஸ்'. முதலாவதில் மெய் உதிர்ந்து உயிர்கள் சேர்ந்தன, இரண்டாவதில் அது நடக்கவில்லை. இது பிடிபட்டதும் அட்டவணையை மனப்பாடம் செய்வதை நிறுத்திவிட்டேன்.

சொய்க்கொலா வட்டார வழக்கில் இன்னொரு நுணுக்கம். 'கல்லா'வின் இரட்டை லகரம், கம்பளியைக் குறிக்கும் 'வில்லா'வில் பிறவியிலேயே இருக்கும் இரட்டை லகரத்தைவிடக் குறுகியது. ஆக மெய்யின் நீளத்தில் மூன்று படிகள். லூகா ஆற்றின் கீழ்ப்பகுதி வழக்கு கடைசி உயிர்களை வேறு நலிய வைக்கும். அதை இப்போதைக்குத் தொடவில்லை.

எழுத்து வடிவத்துக்கு 1936-இல் மொழியியலாளர் யூனுஸ் எழுதிய இலக்கணத்தைப் பார்க்கிறேன். 1932-இல் லத்தீன் எழுத்தில் தொடங்கிய பாடநூல் முயற்சி 1937-இல் நிறுத்தப்பட்டது.

அடுத்தது 'கலமேஸ்', மீனவன். அதில் இரண்டாம் பாதி 'மேஸ்' உருபேற்கும்போது 'மெஹென்' என்று உருமாறுகிறது. அட்டை எழுதி வைத்தாயிற்று.